சாம்பாருக்கு என்ன வயசு?

காலை ஆறு மணிக்கு மேற்குத் தாம்பரத்தில் ஏதாவது ஒரு தெருவில் சும்மா நடந்து பாருங்கள். முடிச்சூர் ரோட்டிலிருந்து பிரிகிற எந்தத் தெருவானாலும் சரி. முதல் வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு விசில். நாலு வீடு தள்ளி மாடியில் இரண்டு விசில். எதிர்வீட்டில் 'புஸ்ஸ்...' என்று பாதியிலேயே அடங்கிப்போன அரை விசில் (காஸ்கெட் போயிருக்கும்!). தூரத்தில் மின்சார ரயிலின் ஹாரன். எல்லாம் சேர்ந்து ஒரு கச்சேரி. அந்த நேரத்தில் முக்கால்வாசி வீட்டில் வெந்துகொண்டிருப்பது ஒரே பொருள்தான். துவரம் பருப்பு.

இன்னும் ஒரு மணி நேரத்தில் அது சாம்பார். எட்டு மணிக்கு டிபன் பாக்ஸுக்குள் போய்விடும். மதியம் பாரிமுனையிலோ, கிண்டியிலோ, சோழிங்கநல்லூரிலோ ஒரு ஆபீஸ் மேஜையில் மூடி திறக்கும். பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்த்து, "இன்னிக்கும் சாம்பாரா?" என்பார்.

அந்த 'இன்னிக்கும்'மில் ஒரு சலிப்பு இருக்கிறதே... அதுதான் இந்த வாரத்துச் சரித்திரம். சாம்பாரைப் பார்த்துச் சலித்துக்கொள்கிற வசதி நமக்கு எப்போது வந்தது என்று நினைக்கிறீர்கள்?

"அது காலங்காலமா இருக்கிறதுதானேங்க" என்று ஒரு பதில் வரும். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர் என்றால் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு ராஜா கதை சொல்வார். அதையே முதலில் பார்த்துவிடுவோம்.

தஞ்சாவூர் அரண்மனை. மராட்டிய மன்னர் சகஜிக்குச் சமையலில் அபார ஆர்வம். மராட்டியர்களின் 'ஆம்டி' என்கிற பருப்புக் குழம்புக்குப் புளிப்பு சேர்க்க 'கோகம்' என்ற பழத்தோலைப் போடுவார்கள். ஒருநாள் கையிருப்பில் கோகம் இல்லை. யாரோ ஒரு சமையல்காரர், "இந்த ஊர்ல புளி போடுவோம், மகாராஜா" என்று எடுத்துக் கொடுக்க, மன்னர் போட்டுப் பார்த்தார். பிரமாதமாக வந்துவிட்டது. அன்றைக்கு விருந்தாளியாக வந்திருந்தவர் சத்ரபதி சிவாஜியின் மகன் சம்பாஜி. அவர் ரசித்துச் சாப்பிட்டதால் அந்தப் பதார்த்தத்துக்கு அவர் பெயரே வந்தது... சம்பாஜி ஆகாரம், சாம்பார்!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், வருஷக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சிவாஜியின் தம்பி ஏகோஜி தஞ்சாவூரைப் பிடித்தது 1670-களின் நடுவில். அவர் மகன் சகஜி பட்டத்துக்கு வந்தது 1684-ல். அப்போது சகஜிக்கு வயது பன்னிரண்டு! சம்பாஜியை ஔரங்கசீப்பின் ஆட்கள் பிடித்துச் சித்திரவதை செய்து கொன்றது 1689 மார்ச்சில். ஆக, கதை நடந்திருக்க வேண்டிய இடைவெளி ஐந்தே வருஷம். அந்த ஐந்து வருஷமும் சம்பாஜி மேற்கே மொகலாயர்களோடும் போர்த்துக்கீசியர்களோடும் சித்திகளோடும் மாறி மாறி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அத்தனை யுத்தத்துக்கு நடுவில் தஞ்சாவூருக்கு வந்து, பன்னிரண்டு பதினாறு வயசுப் பையன் வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் போனார் என்றால்... எனக்கு இறங்கவில்லை.

தவிர, பெயருக்கு வேறொரு நேரான வழி இருக்கிறது. 'சம்பாரம்' என்று ஒரு சொல். வடமொழியின் 'சம்பார'விலிருந்து வந்தது. சேகரித்து வைத்த சரக்கு என்று பொருள். தமிழில் அது குழம்புக்கான மசாலாச் சரக்குகளைக் குறித்தது. விஜயநகர காலத்துக் கோயில் கல்வெட்டுகளில், சுவாமியின் அமுதுபடிக்கு அளந்து கொடுக்க வேண்டிய பொருட்களின் வரிசையில் இந்தச் சம்பாரம் வருகிறது. மராட்டியர்கள் தஞ்சாவூருக்கு வருவதற்கு முன்னாலேயே! மலையாளத்தில் இன்றைக்கும் இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தட்டிப்போட்ட மோருக்கு 'சம்பாரம்' என்றுதான் பெயர்.

தஞ்சாவூருக்குச் சாம்பாரில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. பருப்பு, புளிப்பு, காரம், ஒரு துளி வெல்லம் என்கிற ஆம்டியின் சுபாவம் நம் சாம்பாரில் தெரியத்தான் செய்கிறது. பிற்காலத்தில் இரண்டாம் சரபோஜி மன்னர் அரண்மனைச் சமையலையே ஏட்டில் எழுதி வைக்கச் செய்தவர். 'சரபேந்திர பாகசாஸ்திரம்' என்ற பெயரில் அது இன்றைக்கும் இருக்கிறது. ஆனால், குழம்பு கொதிக்கும்போது கரண்டி பிடித்தவர்களை விட்டுவிட்டு, இலை முன்னால் உட்கார்ந்தவரின் பெயரை வைக்கிற பழக்கம் நமக்கு ரொம்பப் பழசு. அதைத்தான் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

சரி, ராஜாவை விடுங்கள். சட்டிக்குள் என்னென்ன கிடக்கிறது என்று பார்ப்போம்.

துவரை சுத்தமான இந்தியச் செடி. மூவாயிரம் வருஷத்துக்கும் மேல் பழசான துவரை விதைகள் ஒடிசாவில் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. புளி ஆப்பிரிக்க மரம். எந்தக் காலத்திலேயோ வந்து இங்கேயே வேர்விட்டு, அரேபிய வியாபாரிகள் 'இந்தியப் பேரீச்சை' என்று பெயர் வைக்கிற அளவுக்கு நம்முடையதாகிவிட்டது. அவர்கள் சொன்ன 'தமர் ஹிந்தி'தான் ஆங்கிலத்தில் 'டாமரிண்ட்'. பெருங்காயம் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்துப் பிசின். இமாசலப் பிரதேசத்தின் லாகூல் பள்ளத்தாக்கில் விஞ்ஞானிகள் அதன் நாற்றை நட்டுப் பார்க்க ஆரம்பித்ததே 2020 அக்டோபரில்தான். இத்தனை நூற்றாண்டுகளாக நம் வீட்டுப் பெருங்காய டப்பா வெளிநாட்டைத்தான் நம்பியிருந்தது. முருங்கை நம்முடையது. உலகத்துத் தாவர நிபுணர்கள் அத்தனை பேரும் அதை 'மொரிங்கா' என்று தமிழ்ப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

காரம்? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

தாம்பரத்திலிருந்து ரயில் ஏறினால் ஏழெட்டு ஸ்டேஷனில் பரங்கிமலை வருகிறதல்லவா? 'பரங்கி' என்றால் பிரங்கி, ஐரோப்பியன். 1520-களில் மயிலாப்பூரில் சாந்தோம் பகுதியில் வந்து தங்கிய போர்த்துக்கீசியர்கள், அந்தக் குன்றின் மேலே சர்ச் கட்டினார்கள். அதனால் மலைக்கு அந்தப் பெயர். இப்போது கூடையில் கிடக்கிற ஒரு காயைக் கையில் எடுங்கள். பரங்கிக்காய்! மலைக்கு வந்த அதே பரங்கிதான் காய்க்கும் வந்தது. பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். கப்பல் ஏறி வந்த காய்.

பரங்கிக்காயாவது பெயரிலேயே ஒப்புக்கொண்டுவிட்டது. மிளகாய் பெரிய கள்ளன். அதற்கும் பூர்வீகம் மெக்சிகோ, தென் அமெரிக்கா பக்கம்தான். வாஸ்கோட காமா 1498-ல் கோழிக்கோட்டில் இறங்கியபோது இந்தியாவில் ஒரு மிளகாய்ச் செடி கிடையாது. அதற்கப்புறம் போர்த்துக்கீசியக் கப்பல்களில் மேற்குக் கடற்கரைக்கு வந்து இறங்கி, கிடுகிடுவென்று தேசம் பூராவும் பரவியது. அதுவரைக்கும் நம் நாக்குக்குக் காரம் என்றால் மிளகு. புதுசாக வந்த இந்தக் காயைக் கடித்துப் பார்த்த நம் ஆட்கள், 'அட, இது மிளகு மாதிரி உறைக்கிற காய்டா' என்று மிளகுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்துப் பெயர் கொடுத்துவிட்டார்கள். மிளகாய். மிளகு மலையிலிருந்து வர வேண்டும், காசும் அதிகம். மிளகாய் உங்கள் வீட்டுக் கொல்லையிலேயே காய்க்கும். ஏழை வீட்டுக் குழம்புக்கும் காரம் எட்டியது இப்படித்தான்.

ஆக, மிளகாயும் பரங்கிக்காயும் போட்ட நம் வீட்டுச் சாம்பார், எப்படிக் கணக்குப் போட்டாலும் ஐந்நூறு வருஷத்தைத் தாண்டாது. கேரட், பீன்ஸ், தக்காளி, சௌசௌ எல்லாம் அதற்கும் பின்னால் வந்தவை.

ஆனால், ஒரு பதார்த்தம் பிறந்த தேதி வேறு, அது உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் வந்து சேர்ந்த தேதி வேறு. நான் சொல்ல வந்தது இந்த இரண்டாவது தேதியைப் பற்றி.

சேலையூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்த ஒரு பாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த காலத்து மனுஷி. "உங்க சின்ன வயசுல வீட்ல சாம்பார் வைப்பாங்களா பாட்டி?" என்று கேட்டதற்குச் சிரித்தார். "பொங்கலுக்கு வைப்பாங்க. கல்யாணத்துல போடுவாங்க. மத்த நாளுல கூழு, பழைய சோறு. சாயந்திரம் சோறு வடிச்சா புளிய கரைச்சு ஊத்தி, கத்திரிக்காயோ கருவாடோ போட்டு ஒரு கொழம்பு. பருப்பை எங்கப்பா தெனம் வேக வைக்கிறது? வெறகுக்கு யாரு போறது?"

கவனித்தீர்களா? பருப்பு விலையை அவர் முதலில் சொல்லவில்லை. விறகைச் சொன்னார்.

துவரம் பருப்பு ஒரு பிடிவாதக்காரன். திறந்த பாத்திரத்தில் குழைய வேகவைக்க முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் அடுப்பு எரிய வேண்டும், யாராவது பக்கத்தில் உட்கார்ந்து ஊத வேண்டும். இதில் தண்ணீர் வேறு ஒத்துழைக்க வேண்டும். இந்தத் தண்ணீர் விவகாரம் எனக்குச் சொந்த அனுபவம். 90-களில் சிட்லபாக்கம் பக்கம் குடிபோனோம். போன வாரமே வீட்டில் சண்டை. எத்தனை விசில் விட்டாலும் பருப்பு தனியாக, தண்ணி தனியாக! 'பழைய பருப்பைக் கட்டிக்கொடுத்துட்டான்' என்று மளிகைக்கடைக்காரரிடம் போய் நான் ஒரு பாடு கத்திவிட்டு வந்தேன். பாவம் அந்த மனுஷன். வீட்டுக்கார அம்மாதான் சிரித்துக்கொண்டே, "போர் தண்ணியில வேகாதுங்க. பருப்புக்கு மட்டும் நல்ல தண்ணி வெச்சுக்கோங்க" என்றார். அப்படியே செய்தோம். நாலே விசிலில் வெண்ணெய்!

காரணம் ரொம்ப எளிது. பருப்பின் செல்களை ஒன்றோடு ஒன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. வேகும்போது அந்தப் பசை இளக வேண்டும். உப்புத் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் அந்தப் பசையோடு சேர்ந்து அதை இன்னும் இறுக்கிவிடும். புளிப்பும் அதே வேலையைத்தான் செய்யும். 'பருப்பு வேகறதுக்கு முன்னாடி புளித்தண்ணிய ஊத்திடாதடி' என்று நம் பாட்டிமார்கள் தலையில் குட்டிச் சொன்னார்களே, அதற்குப் பின்னால் இருப்பது இந்தச் சமாசாரம்தான். தென்சென்னைப் புறநகர்களில் ஏரிகள் சுருங்கி, போர் குழாய்கள் பெருகப் பெருக, பாலாற்றுத் தண்ணீர் வருகிற குழாயும், லாரியும், கேனும் முடிவு செய்கிற விஷயமாகிப்போனது சாம்பார். குளிக்க ஒரு தண்ணி, பருப்புக்கு ஒரு தண்ணி என்று பிரித்து வைக்காத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு.

விறகுப் பிரச்னைக்கு விடை பிரான்சிலிருந்து வந்தது. 1679-ல் டெனிஸ் பாப்பின் என்ற விஞ்ஞானி, லண்டனில் இருந்தபோது, இறுக்க மூடிய ஒரு இரும்புப் பாத்திரத்தைக் கண்டுபிடித்தார். நீராவி வெளியே போக முடியாது. உள்ளே அழுத்தம் ஏறும். தண்ணீர் நூறு டிகிரியில் கொதித்து நின்றுவிடாமல் நூற்று இருபதுவரை சூடேறும். எலும்புகூடக் கூழாகிவிடும்! 1682-ல் ராயல் சொசைட்டி அறிஞர்களுக்கு அதில் சமைத்து ஒரு விருந்தே வைத்தார். பாத்திரம் வெடித்துவிடாமலிருக்க அவர் பொருத்திய பாதுகாப்பு வால்வுதான் நம் வீட்டு 'வெயிட்'டுக்குத் தாத்தா. இந்தியாவில் 1959-ல் பிரெஸ்டீஜும் ஹாக்கின்ஸும் குக்கர் செய்ய இறங்கின. அப்பவும் ஆரம்பத்தில் பயம். வெடிக்கும் என்றார்கள், சத்தெல்லாம் போய்விடும் என்றார்கள். பத்து நிமிஷத்தில் பருப்பு வெந்ததைப் பார்த்த பிறகு பேச்சு அடங்கிவிட்டது.

அந்தப் பத்து நிமிஷத்தின் அருமை தாம்பரத்துக்காரர்களுக்குத்தான் தெரியும். கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். தென்னிந்தியாவிலேயே முதல் மின்சார ரயில் பாதை அது. 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி இங்கே இடம் மாறியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர் என்று குமாஸ்தாக்களும் டீச்சர்களும் டைப்பிஸ்ட்களும் குடியேறினார்கள். ரயில் இருந்ததால் வீடு. வீடு இருந்த தூரத்தால் அவசரம். எட்டேகால் ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால் ஏழரைக்குச் சாம்பார் இறங்கியாக வேண்டும்! மீட்டர் கேஜ் வண்டிகள் 2004-ல் விடைபெற்று அகல ரயில் பாதை வந்தது. கூட்டம் மட்டும் மாறவில்லை. அவசரமும் மாறவில்லை.

இன்னொரு மாற்றமும் நடந்தது. மாமியார், ஓரகத்தி, பெரியம்மா என்று நாலு பேர் சுற்றி நின்று சொல்லிக்கொடுத்த கூட்டுக்குடும்பத்தை விட்டு, இரண்டு ரூம் வாடகை வீட்டில் தனியாக அடுப்பு முன்னால் நின்றாள் ஒரு புதுப்பெண். யாரைக் கேட்பாள்? 1951-ல் எஸ். மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' எழுதினார். சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். கைப்பக்குவமாக, கண்திட்டமாக இருந்ததை அளவு போட்டு எழுத்தில் வைத்தார். கல்யாணமாகிப் போகிற பெண்ணின் பெட்டியில் பட்டுப்புடவைக்குக் கீழே அந்தப் புத்தகம் இருக்கும். தமிழில் எத்தனையோ பெரிய புத்தகங்கள் உண்டு. அட்டையில் இத்தனை எண்ணெய்க்கறை படிந்த புத்தகம் வேறொன்று இருக்குமா, சந்தேகம்தான்!

பொடி? அது ஒரு தனித் திருவிழா. வருஷத்தில் சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்து, ஒரு பங்கு மிளகாய்க்கு இரண்டு பங்கு மல்லி, கூடவே துவரம் பருப்பு, கடலைப் பருப்பு, மிளகு, வெந்தயம், விரலி மஞ்சள் எல்லாம் காயும். காக்காய் விரட்டுவதற்கு வீட்டிலுள்ள வாண்டுகளுக்கு டியூட்டி. சாயந்திரம் தூக்குவாளியில் கொட்டிக்கொண்டு மிஷினுக்குப் போக வேண்டும். மிஷின்காரர் மூக்கில் துண்டைக் கட்டியிருப்பார். போனவுடன் அம்மா கேட்கிற முதல் கேள்வி, "எங்களுக்கு முன்னாடி என்ன அரைச்சீங்க?" முன்னால் அரைத்தது கேழ்வரகாக இருந்தால் நம் பொடியில் ஒரு பிடி கேழ்வரகு வந்துவிடும் என்ற கவலை. சூடாக வருகிற பொடியை ஆறவைத்துக் காற்றுப்புகாத டின்னில் அடைத்தால் ஆறு மாசத்துக்குக் கவலையில்லை. தும்மல் மட்டும் இரண்டு நாளைக்கு இருக்கும்.

வேலைக்குப் போகிற பெண்ணுக்கு ஏது மொட்டைமாடி, ஏது ஒரு முழு நாள்? 1975-ல் ஈரோட்டில் மஞ்சள் வியாபாரமாகத் தொடங்கியது சக்தி மசாலா. 1995-ல் சென்னையில் ஆரம்பித்தது ஆச்சி மசாலா. பாக்கெட் பொடி வீட்டுக்குள் வந்த புதிதில் என்ன பேச்செல்லாம் பேசினார்கள் தெரியுமா? "அவளா? பாக்கெட் பொடியில சாம்பார் வைக்கிறவ" என்று சொன்னால் அது ஒரு வசவு! பேசியவர்கள் யாரும் எட்டேகால் ரயிலில் நின்றுகொண்டே பாரிமுனைவரை போனவர்கள் இல்லை. என்னைக் கேட்டால், வீட்டுப் பொடியின் வாசனை ஒரு படி மேல்தான். ஆனால், அந்த வாசனைக்காக யாருடைய ஞாயிற்றுக்கிழமை போனது என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டுமில்லையா?

சரி, அடுப்பைப் பற்றவைத்தே விடுவோம். நாலு பேருக்கு அரை டம்ளர் துவரம் பருப்பு. நல்ல தண்ணீரில் மஞ்சள்தூள், சிட்டிகை பெருங்காயம், இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு நாலு விசில். இன்னொரு பக்கம் சின்ன எலுமிச்சம்பழ அளவு புளியை ஊறவைத்துக் கரைத்துக்கொள்ளுங்கள். சட்டியில் ஒரு கரண்டி நல்லெண்ணெய். சின்ன வெங்காயத்தை உரித்து முழுசாகவே வதக்குங்கள். அப்புறம் பரங்கிக்காய்த் துண்டுகள். புளித்தண்ணீர், உப்பு, ஒன்றரை ஸ்பூன் சாம்பார் பொடி. பொடியின் பச்சை வாசனை போகும்வரை கொதிக்கட்டும், அவசரப்படாதீர்கள். காய் வெந்த பிறகு பருப்பைக் கடைந்து ஊற்றி ஒரே கொதி. இறக்கிவிட்டுக் கடுகு, வெந்தயம், ஒரு காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். மேலே மல்லித்தழை. நெய் ஒரு ஸ்பூன் விட்டால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

நீங்கள் இருபது நிமிஷத்தில் செய்துவிடுவீர்கள். அந்தச் சேலையூர்ப் பாட்டி வீட்டுக்கு இந்த இருபது நிமிஷம் வந்து சேர எத்தனை வருஷமானது?

1982 ஜூலை 1. எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிய நாள். பாட்டி சொன்னார்: "எம் பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வந்து, 'அம்மா, இன்னிக்கும் சாம்பார் போட்டாங்க'ன்னா. நான் நம்பல. தெனமும் யாரு சாம்பார் போடுவான்னேன்." அந்தப் பெண்ணுடைய 'இன்னிக்கும்'மில் சலிப்பு இல்லை. அதிசயம்.

வீட்டுக்குள் வந்தது அதற்கு ரொம்பப் பின்னால். 2007-ல் ஏழைக் குடும்பங்களுக்கு அரசாங்கம் இலவச கேஸ் அடுப்பும் இணைப்பும் கொடுக்கத் தொடங்கியது. அதே 2007-ல் ரேஷன் கடையில் சிறப்புத் திட்டத்தில் துவரம் பருப்பு வந்தது. 2008-ல் ஐம்பது ரூபாய்க்குப் பத்து மளிகைப் பொருள்கள் அடங்கிய பை. மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள், கடுகு, வெந்தயம் எல்லாம் அதற்குள். 2011-ல் ஆட்சி மாறி, செப்டம்பரில் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. இரண்டு கட்சிகளும் ஒன்றையொன்று கேலி செய்துகொண்டார்கள். பேப்பரில், டி.வி-யில் எல்லாம், 'ஓட்டுக்கு இலவசம்' என்று கிண்டல். நானும் கிண்டல் செய்தவன்தான். இப்போது அந்தப் பட்டியலை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. அடுப்பு, பருப்பு, பொடி, அரைக்க மிக்ஸி. ஒரு வீட்டில் தினமும் சாம்பார் வைக்க என்னவெல்லாம் வேண்டுமோ, அத்தனையும் நாலே வருஷத்தில் வந்து சேர்ந்திருக்கிறது! 2013-ல் அம்மா உணவகத்தில் சாம்பார் சாதம் ஐந்து ரூபாய் என்று போர்டு வைத்தபோது வட்டம் முழுசாகிவிட்டது.

ரேஷன் பருப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. துவரை விலை எகிறும்போதெல்லாம் அதற்குப் பதிலாக 'கனடா பருப்பு' வரும். மஞ்சள் நிறத்தில், வட்டமாக, பார்க்கத் துவரை மாதிரியே இருக்கும். ஆனால், துவரை இல்லை, அது வேறு இனம். கனடாவின் சஸ்காட்செவான் மாகாணத்துப் பனிப்பிரதேசத்தில் விளைந்து, கடல் தாண்டி, தாம்பரம் ரேஷன் கடை மூட்டையில் வந்து உட்காரும். சீக்கிரம் வெந்துவிடும், கொஞ்சம் ஏமாந்தால் களியாகிவிடும். "துவரையில பாதி, கனடாவுல பாதி கலந்து வையுங்க. யாருக்கும் தெரியாது" என்று எங்கள் தெரு அக்கா ஒருவர் ரகசியம் சொன்னார். அவர் வீட்டில் சாப்பிட்டேன். தெரியவில்லைதான்.

எதற்கு இந்தக் கலப்படம் என்று கேட்பவர்கள் 2015-ஐ மறந்திருப்பார்கள். உலகத்திலேயே அதிகமாகத் துவரை விளைவிப்பதும் நாம்தான், அதிகமாகச் சாப்பிடுவதும் நாம்தான். விளைவது போதாமல் மியான்மரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வாங்குகிறோம். கர்நாடகாவின் கலபுரகியிலும் மகாராஷ்டிராவின் மேட்டு நிலங்களிலும் மழையை நம்பி விளைகிற பயிர் அது. வானம் ஏமாற்றினால் தாம்பரத்துச் சாம்பாரில் தெரியும். தொடர்ந்து இரண்டு வருஷம் மழை ஏமாற்ற, 2015 அக்டோபரில் கிலோ இருநூறு ரூபாயைத் தொட்டது. சண்முகம் சாலை மளிகைக்கடையில் நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா, "கால் கிலோ போடுங்க" என்றார். கடைப்பையன் நிறுத்ததும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "நூறு எடுத்துடுங்க" என்றார். அந்த மாசம் பல வீட்டில் சாம்பார் நீர்த்துப்போனது. நிறையப் பேர் பாசிப்பருப்புக்கு மாறினார்கள். சிலர் பழையபடி புளிக்குழம்புக்கே திரும்பினார்கள்.

அதே வருஷம் டிசம்பரில் வானம் பாக்கியைச் சேர்த்துக் கொட்டியது. டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாறு வீடுகளுக்குள் நுழைந்தது. மாடியில் போய் நின்றவர்களின் கண்முன்னே கேஸ் சிலிண்டர்கள் தெருவில் மிதந்து போயின.

தண்ணீர் வடியத் தொடங்கிய ஒரு நாளில், கொஞ்சம் மேடான ஒரு தெருவில் கல்யாண மண்டபத்து அண்டாவைக் கொண்டுவந்து வைத்துச் சாம்பார் சாதம் கிளறிக்கொண்டிருந்தார்கள். மூட்டையில் பாதி துவரை, பாதி மசூர், யார் வீட்டிலிருந்தோ வந்த பாசிப்பருப்பு, யாரோ தந்த இரண்டு கிலோ கனடா. எல்லாம் ஒரே அண்டாவில். காய் என்று கையில் கிடைத்ததெல்லாம் போட்டிருந்தார்கள், பரங்கிக்காய்தான் அதிகம். பொடி பாக்கெட்டுகளைப் பல்லால் கிழித்துக் கொட்டிக்கொண்டிருந்தான் ஒரு காலேஜ் பையன். இன்ன கம்பெனி, இன்ன ருசி என்றெல்லாம் யாரும் பார்க்கவில்லை.

வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்ற ஒரு அம்மா, நனைந்த புடவையோடு வரிசையில் நின்றவர், அண்டாவுக்குப் பக்கத்தில் வந்ததும் தட்டை நீட்டவில்லை. கரண்டியை வாங்கி, நுனியில் கொஞ்சம் எடுத்து, உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார்.

"காரம் சரியா இருக்கு தம்பி. உப்புதான் ஒரு கை கம்மி" என்றார்.

பையன் உப்புப் பாக்கெட்டை அவர் கையிலேயே கொடுத்தான். அவர் போட்டுக் கிளற ஆரம்பித்தார். வரிசை அப்படியே காத்திருந்தது.